இலுப்பைமுனையின் ஐந்தாவது ஆள்

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட மனிதர் என்று தியாகலிங்கத்தைச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். மச்சான் குணரத்தினத்தைக் கை காட்டுவார். லீக்கின் விதிகளைக் கை காட்டுவார். ஆனால் அந்த விதியை எழுதியவர் யார் என்று கேட்டால் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார்.

மொன்றியல் தமிழ்ப் பெடியங்களின் கூடைப்பந்து லீக்கில் ஆறு அணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஊரின் பெயரில். தகப்பனின் ஊர் எதுவோ அந்த ஊருக்குத்தான் மகன் ஆடவேண்டும். இங்கேயே பிறந்து, ஊர் எந்தத் திசையில் என்று கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்கிற பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் ஆடினார்கள். ஆட்ட நேரத்துக்கு ஐந்து பேர் களத்தில் நிற்காத அணிக்கு இருபதுக்குப் பூச்சியம் என்று தோல்வி எழுதப்படும். பாதி ஆட்டத்தில் விலகினாலும் அதே கணக்குத்தான். ஒரு பருவத்தில் மூன்று முறை அப்படி எழுதப்பட்டால் அந்த ஊரின் பெயர் லீக்கிலிருந்து நீக்கப்படும்.

தியாகலிங்கத்தின் ஊர் இலுப்பைமுனை. தொண்ணூறாம் ஆண்டு இராணுவம் வேலி போட்டு எடுத்த ஊர். அதன்பின் அங்கே ஒரு குடும்பமும் இல்லை. மொன்றியலில் மொத்தம் இருபத்திமூன்று குடும்பம். அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் வாய் நிறையச் சொல்கிற ஒரே இடம், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஞாயிறு பின்னேரங்களில் லீக் வாடகைக்கு எடுக்கிற பள்ளிக்கூட ஜிம்தான் என்று அவர் நினைத்தார். உடுப்புத் தொழிற்சாலையில் கிழமைக்கு ஐந்து நாள் துணி வெட்டுகிற மனிதர், ஆறாவது நாளும் ஏழாவது நாளும் அந்த அணிக்காகவே இருந்தார். அணிப் பட்டியலில் பன்னிரண்டு பெயர் நிரம்பவேண்டும் என்பதற்காக வருடா வருடம் பன்னிரண்டாவதாகத் தன் பெயரையே எழுதிக் கொடுப்பார். ஐம்பத்திநாலு வயதில், முழங்கால் ஒன்று மடியாத ஆட்டக்காரர் அவர் ஒருவர்தான்.

இருபத்திமூன்று குடும்பத்தில் எத்தனை பெடியங்கள் தேறுவார்கள்? தேறவில்லை. ஆனால் அவருடைய தங்கை யோகராணிக்கு ஒரு மகன் இருந்தான், லக்ஷன். பதினாறு வயதில் ஆறடி இரண்டு அங்குலம். பந்து அவன் கைக்குப் போனால் அது ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். தகப்பன் குணரத்தினம் நாவற்சோலை. லீக்கிலேயே பெரிய ஊர், பணக்கார ஊர். விதிப்படி லக்ஷன் அங்கேதான் ஆடவேண்டும்.

2001இல் ஆண்டுக் கூட்டத்தில் தியாகலிங்கம் எழும்பி அரை மணித்தியாலம் பேசினார். தாயின் ஊரும் ஊர்தானே என்றார். பத்து மாதம் சுமந்தவளின் ஊருக்கு உரிமை இல்லையா என்று கேட்டார். பின்வரிசையில் பெண்கள் கைதட்டினார்கள். எதிர்த்தால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது என்று தெரிந்த ஆண்களும் கையை உயர்த்தினார்கள். இதெல்லாம் லக்ஷனுக்காகத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிறே பையன் இலுப்பைமுனை ஜேர்சியைப் போட்டான்.

இரண்டு வருடம் நல்லாய்த்தான் போனது. 2003இல் இறுதியாட்டம் வரை வந்து ஒரு புள்ளியால் தோற்றார்கள். அன்று தியாகலிங்கம் அழுதது துக்கத்தால் இல்லை, ஊரின் பெயர் அவ்வளவு தூரம் வந்த பெருமையால். ஆனால் விதி என்பது எல்லாருக்கும் பொது அல்லவா? அந்தத் தோல்விக்குப் பிறகு லீக்கில் கெட்டிக்காரப் பெடியங்களுக்கெல்லாம் திடீரென்று தங்கள் தாயின் ஊர் ஞாபகம் வந்தது. அவர்களுடைய தாய்மாரில் முக்கால்வாசிப்பேர் நாவற்சோலையிலேயே பிறந்திருந்தார்கள். ஒருவன் போனான், பிறகு இன்னொருவன், பிறகு உயரமான அண்ணன் தம்பி இரண்டு பேர். 2004 முடியும்போது நாவற்சோலை எல்லாரையும் ஐம்பது புள்ளியால் வென்றுகொண்டிருந்தது. மற்ற ஊர்ச் சனம் ஆட்டம் பார்க்க வருவதையே குறைத்துவிட்டது.

அந்த மார்கழியில் ரொறன்ரோவின் தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் இருந்த பெரிய நட்சத்திர ஆட்டக்காரரும் தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொல்லி ஒற்றைக்காலில் நின்று மாறிப் போனார். பதிலுக்கு ரொறன்ரோவுக்கு வந்தவர்களில் ஒருவர் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. தியாகலிங்கம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து நன்றிகெட்டதுகள் என்று திட்டினார். பக்கத்தில் இருந்த லக்ஷன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான்.

தைமாதம் ஒரு சனிக்கிழமை அவன் நகரின் மேற்குக் கோடியில் பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு மெற்றோவும் எடுத்து மாமா வீட்டுக்கு வந்தான். மூன்று மாடி ஏறி, சப்பாத்தில் இருந்த பனியைக்கூடத் தட்டாமல், மேசையில் ஒரு தாளை வைத்தான். விடுவிப்புக் கடிதம். அணிப் பொறுப்பாளர் ஒப்பமிட்டால்தான் ஆட்டக்காரன் ஊர் மாறலாம்.

தியாகலிங்கம் இரண்டு தரம் வாசித்தார்.

"உனக்கு இஞ்சை என்ன குறை? பந்து முழுக்க உன்ரை கையிலைதானே கிடக்கு."

"அதுதான் மாமா குறை. நான் முப்பத்தெட்டு அடிச்சாலும் தோக்கிறம். யூனிவர்சிற்றிக் கோச் ஃபைனலுக்கு மட்டும்தான் வருவார். அங்கை நிண்டால்தான் என்னைக் காணுவார்."

"இது ஊரின்ரை ரீம் அப்பன். நீ போனால் ஊரே போச்சு."

லக்ஷன் தாளை அவர் பக்கம் நகர்த்தினான். "ஓம் மாமா. நீங்கள் ஊருக்காகத்தான் ரீம் கட்டினனீங்கள். எனக்கு ஊர் தெரியாது. எனக்கு உங்களைத்தான் தெரியும்."

கடைசியாகச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. ஊர் தெரியாது என்றதிலேயே அவருக்குச் சுர் என்று கோபம் ஏறிவிட்டது. தாளை நாலாக மடித்துப் பையனின் ஜக்கெற் பொக்கற்றில் செருகி, கதவைத் திறந்து விட்டார். தன் உயிர் இருக்கும்வரை ஒப்பம் வைக்கமாட்டேன் என்றும் சொன்னார். வாய் நீளம் அந்தக் குடும்பத்துக்கே பொது.

அடுத்த ஞாயிறு லக்ஷன் நேரத்துக்கு வந்தான். ஜேர்சி போட்டான். களத்துக்குள் இறங்கி, இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். எதிரணிப் பெடியங்கள் அவனைத் தாண்டிப் போனார்கள், வளையத்தில் போட்டார்கள், திரும்பிப் போனார்கள். அவன் கை எழும்பவில்லை. பந்து அவனிடம் வந்தால் பக்கத்தில் நிற்பவனிடம் மரியாதையாகக் கொடுத்தான். சண்டையில்லை, சத்தமில்லை. அவனை வெளியே இருத்தலாம் என்றால் உள்ளே விட ஆள் இல்லை. அறுபதால் தோற்றார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பார்வையாளர் பக்கத்திலிருந்து ஆரோ வைக்கோல் பொம்மை என்று கத்த, சனம் சிரித்தது. தியாகலிங்கத்துக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல் இருந்தது. மருமகனில் வந்த கோபத்தைவிட, இவ்வளவு தூரம் தன்னை வெறுத்துவிட்டானே என்ற நினைப்புத்தான் அவரைத் தின்றது.

யோகராணி அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தாள். பிள்ளை சாப்பிடுகிறானில்லை என்றாள். அண்ணை, அவனை விடு என்று அழுதாள். பின்னால் நின்று குணரத்தினம் சொல்லிக் கொடுப்பதும் கேட்டது: பதிலுக்கு இரண்டு ஆட்டக்காரர் தருகிறோம், இரண்டுபேருக்கும் தாய் இலுப்பைமுனை, எல்லாம் விதிப்படிதான். தியாகலிங்கம் ஒப்பம் வைத்தார்.

பதிலுக்குத் தந்த இரண்டு பேரில் ஒருவன் ஒருநாளும் தலைகாட்டவில்லை. மற்றவன் இரண்டு ஆட்டம் ஆடினான். பிறகு லவாலில் ஞாயிற்றுக்கிழமை வேலை கிடைத்ததென்று நின்றுவிட்டான். லக்ஷன் இல்லாத அணியில் எங்களுக்கு என்ன வேலை என்று தாய்வழியில் வந்த இன்னும் மூன்று பேர் தகப்பன்வழிக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கும் ஒப்பம் வைத்தார். இன்னொருமுறை கையைத் தொங்கப்போட்டு ஆரும் நிற்பதைப் பார்க்க அவருக்குத் தெம்பு இருக்கவில்லை.

மாசிக் கூட்டத்தில் அவர் ஒரு பிரேரணை கொண்டுபோனார். முதலிடத்தில் இருக்கும் அணி வருடத்துக்கு ஒரு ஆளுக்கு மேல் எடுக்கக்கூடாது. கடைசி இடத்து அணிக்குப் புதிதாக வருகிற பெடியங்களில் முதல் தெரிவு. இல்லாவிட்டால் ஒரு ஊர்தான் ஆடும், மற்ற ஐந்து ஊரும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று விளக்கினார். நியாயமான பேச்சு. நாலைந்து தலைகள் ஆடவும் செய்தன.

குணரத்தினம் எழும்பினார். கையில் 2001ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்புப் புத்தகம். மச்சானைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, நிதானமாக வாசித்தார்.

"'பிள்ளை எந்த ஊருக்கு விளையாட விரும்புதோ, அதுதான் பிள்ளையின்ரை ஊர். விருப்பத்துக்கு விதி போட நாங்கள் ஆர்?' இதைச் சொன்னது தியாகலிங்கம் அண்ணை. அண்டைக்குக் கைதட்டினனாங்கள். இண்டைக்கு என்ன சொல்லச் சொல்லுறியள்?"

சபை சிரித்தது. பின்வரிசைப் பெண்களும் சிரித்தார்கள். ஊருக்கு ஒரு வாக்கு; ஒன்றுக்கு ஐந்து என்று பிரேரணை விழுந்தது. தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொன்னது தான்தான் என்பது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

பங்குனிக்குள் இரண்டு முறை, அவரையும் சேர்த்து எண்ணினாலும் ஐந்து பேர் சேரவில்லை. இரண்டு முறை இருபதுக்குப் பூச்சியம் எழுதப்பட்டது. சித்திரையில் கடைசி ஆட்டம் நாவற்சோலையோடு. அன்று நாலு பேர் வந்தார்கள். ஐந்தாவதாக வரவேண்டிய யோகேந்திரன், மகளுக்குக் காய்ச்சல், வரமாட்டேன் என்று அழைத்துச் சொன்னான். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில், இலுப்பைமுனை என்று சொல்ல அந்த ஜிம்மும் இனி இல்லை என்று தியாகலிங்கத்துக்குத் தெரிந்தது.

அவர் பையைத் திறந்து, மேலதிகமாக வைத்திருந்த ஜேர்சியைச் சேட்டுக்கு மேலேயே போட்டார். பன்னிரண்டாம் இலக்கம். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நடுவருக்குக் காட்டினார். புள்ளி எழுதும் மேசையில் இருந்த அவருடைய மகள் ஆர்த்திகா, அப்பா வேண்டாம் என்றாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு உள்ளே நடந்தார்.

ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. நாவற்சோலைப் பெடியங்கள் காற்றுப்போலப் போய் வந்தார்கள். தியாகலிங்கம் நடுக்கோட்டுக்கு வருவதற்குள் அங்கே இரண்டு முறை புள்ளி விழுந்திருக்கும். பாதி ஆட்டத்தில் நாற்பத்தொன்பதுக்கு ஆறு. முழங்கால் வீங்கிப் பாரமாகிவிட்டது. ஆனாலும் அவருக்குள் ஒரு பிடிவாதமான சந்தோசம் இருந்தது. எத்தனை புள்ளியால் தோற்றால் என்ன, ஐந்து பேர் நிற்கிறோம், பெயர் நிற்கிறது.

இரண்டாம் பாதியில் பந்து எப்படியோ உருண்டு அவர் கைக்கு வந்தது. வளையத்துக்குக் கிட்டத்தான் நின்றார். நிமிர்ந்து பார்த்தால் முன்னால் லக்ஷன், நாவற்சோலையின் நீல ஜேர்சியில். கையை உயர்த்தினால் மாமாவின் தலைக்கு மேல் ஒன்றரை முழம் போகும். அவன் உயர்த்தவில்லை. ஓரடி பின்னால் வைத்தான். இரண்டு கையையும் தொங்கப்போட்டான்.

"போடுங்கோ மாமா," என்றான், மெல்ல.

அதே நிற்பு. தைமாதம் மூன்று ஞாயிறும் நின்ற அதே நிற்பு. மற்ற நாவற்சோலைப் பெடியங்களும் ஓட்டத்தை நிறுத்தி, கையைக் கீழே விட்டார்கள். ஜிம் முழுக்க அவருக்காகக் காத்திருந்தது. தியாகலிங்கம் எறிந்தார். பந்து வளையத்தில் ஒருதரம் தட்டி உள்ளே விழுந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு பக்கமும் தட்டினார்கள். குணரத்தினம் எழும்பி நின்று தட்டினார். யோகராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். நடக்கப் பழகுகிற குழந்தை இரண்டு அடி வைத்தால் தட்டுவார்களே, அந்தத் தட்டல்.

அவர் மருமகனின் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பார். கேலி இல்லை. அந்தப் பிள்ளைக்கு அவரைத்தான் தெரியும், அவரில்தான் பாசம் என்பது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. இலுப்பைமுனை என்ற பெயர் அவனுக்கு ஒரு காலமும் ஒன்றுமே இல்லை. இந்தக் கைதட்டுகிற சனத்துக்கும் இல்லை. கிழவன் ஆசைப்படுகிறான், வைத்திருக்கட்டும் என்று எல்லாருமாகச் சேர்ந்து விட்டுத்தந்திருக்கிறார்கள். பெயர் இனி நின்றால் இப்படித்தான் நிற்கும், மற்றவர்கள் கையைத் தொங்கப்போட்டால் மட்டும்.

தியாகலிங்கம் களத்தை விட்டு நொண்டிக்கொண்டு மேசைக்குப் போனார். நடுவரும் பின்னால் வந்தார்.

"நாங்கள் விலகிறம்," என்றார். "இருபதுக்குப் பூச்சியம் எண்டு எழுது பிள்ளை."

"அப்பா, அப்பிடி எழுதினால் இது மூண்டாவது," என்றாள் ஆர்த்திகா.

"தெரியும். எழுது."

அவள் நடுவரைப் பார்த்தாள். நடுவர் தலையை ஆட்டினார். அவள் எட்டுப் புள்ளிகளையும் ஒரு கோட்டால் வெட்டினாள், கடைசியாக அப்பா போட்ட இரண்டையும் சேர்த்து. பக்கத்தில் பூச்சியம் போட்டாள். நாலு பெடியங்களும் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். கைதட்டல் ஓய்ந்து சனம் என்ன நடந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டது. தியாகலிங்கம் ஓரத்து வாங்கிலில் உட்கார்ந்து ஜேர்சியைக் கழற்றப் பார்த்தார். வியர்வையில் அது சேட்டோடு ஒட்டியிருந்தது, கழலவில்லை. லக்ஷன் வளையத்துக்குக் கீழே, அதே இடத்தில், கையைத் தொங்கப்போட்டபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.