ஒன்றரை அடி அமுங்கிய கலிங்கு

அந்தக் கோடையின் ஏழு வாரத்தில் நான் சந்தேகப்படாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான்: ஓவர்சியர் வீட்டு எருமை. ஆறாவது வாரம் அதையும் சந்தேகப்பட்டேன்.

1938-ஆம் வருஷம். சென்னையில் இன்ஜினீயரிங் மூன்றாவது வருஷம் முடித்திருந்தேன். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு மராமத்து வேலையில் ஏழு வாரம் பயிற்சி பெற வேண்டும். அளந்ததை அறிக்கையாக எழுதி, அங்குள்ள ஓவர்சியரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது காலேஜ் விதி. கையெழுத்து இல்லையென்றால் நாலாவது வருஷத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இதைவிடக் கடுமையான விதி ஒன்று இருந்தது. எங்கள் அப்பச்சி, அதாவது என் தகப்பனார், ஒரே வரியில் சொல்லிவிட்டார்:

"தேனப்பா, ஒரு வருசம் தவறுச்சு, ஆவணியில ஒனக்கு ரங்கூன் கப்பல்."

ரங்கூனில் எங்கள் வட்டிக்கடையில் எனக்கென்று பாயை விரித்தே வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. எனக்கோ பம்பாய்க்குப் போய் மின்சாரத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. கண்மாய், மடை, சேறு எல்லாம் அந்த ஒரு கையெழுத்துக்காகச் சகித்துக்கொள்ள வேண்டியவை.

அன்னவாசலுக்கு மேற்கே காடையன் கண்மாயில் என்னைப் போட்டார்கள். ஓவர்சியர் ரெங்கராஜ் தம்முடைய மீசையையே நம்பாதவர். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை தடவிப் பார்ப்பார். நான் போய் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி:

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. உங்கள அனுப்புனது காலேஜா, மேலிடமா?"

"காலேஜ்தான் சார்."

"மேலிடத்து ஆளா இருந்தாலும் இதத்தான் சொல்லுவான்."

என்னை அவர் வீட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் தங்கவைத்தார். உபசாரம் என்று நினைத்தேன். கண்பார்வையில் வைத்திருக்கிறார் என்று மறுநாளே புரிந்தது.

வேலை இதுதான். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கல்கட்டுக்குக் கலிங்கு என்று பெயர். அந்தக் கலிங்கு எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் கண்மாயில் தண்ணீர் நிற்கும். அதன் உயரத்தை நான் மூன்று முறை அளக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அளக்க ஓர் ஆதாரம் வேண்டுமே! மடைக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, அதில் சிவப்புச் சாயத்தால் அம்புக்குறி போட்டு, அதன் தலை சரியாக நூறு அடி உயரம் என்று நாமே வைத்துக்கொள்வது. மற்றதெல்லாம் அதைவிட எத்தனை அடி தாழ்வு என்று பார்ப்பது.

கல்லை நட்ட அன்று சாயங்காலமே மழை. சாமானிய மழை இல்லை. தவளைகளெல்லாம் ஒதுங்க இடம் தேடின. சித்திரை மாசத்தில் அந்தப் பக்கம் மழை என்றால் கல்யாணமாகாதவனுக்குப் பேரன் பிறந்த மாதிரி.

நட்டதோடு சரி, அப்புறம் நான் அந்தக் கல் பக்கமே போகவில்லை. கோல் பிடிக்க பிச்சை என்று ஐம்பது வயது ஆள் இருந்தார். பதினாலு அடிக் கோலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முதலில் கல்மேலும் பிறகு கலிங்கின் மேலும் நிறுத்துவார். நான் இருநூறு அடி தள்ளி, வாகை நிழலில், முக்காலியில் மாட்டிய குழாய்க் கண்ணாடி வழியே கோலில் தெரியும் எண்ணைப் படிப்பேன். நடுவில் நாணல் புதர். கல் தெரியாது; கோல்தான் தெரியும். போதாதா? இன்ஜினீயர் என்றால் நடக்கப் பிறந்தவனா?

முதல் தடவை கலிங்கு தொண்ணூற்றேழரை அடி வந்தது. மூன்றாவது வாரம் மறுபடி அளந்தேன். தொண்ணூற்றாறரை.

கல்கட்டு ஓர் அடி அமுங்குமா? கண்ணைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், பிச்சையைக் கூப்பிட்டேன்.

"கோலைக் கல்லு மேலதான வச்சீங்க?"

"கல்லு மேலதான் சின்னய்யா. அந்தக் கருப்பர் மேல அடிச்சுச் சத்தியம் பண்ணவா?"

சத்தியம் பண்ணத் துடிக்கிறவனை நம்பக் கூடாது என்று அன்றே குறித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஊரே விசித்திரமாகத் தெரிந்தது. நான் தெருவில் நடந்தால் பேச்சு நிற்கும். தாண்டிப் போனதும் குசுகுசுவென்று தொடங்கும். பிச்சையின் மனைவி ராக்காயி எனக்குக் கூழ் கொண்டுவருகிறவள். முதல் வாரம் சட்டியை டக்கென்று வைத்துவிட்டுப் போனவள், இப்போது இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள். கூழில் வெங்காயம் வேறு கூடியிருந்தது. எதை மறைக்க இந்த வெங்காயம்?

ஐந்தாவது வாரம் அளந்தேன். கலிங்கு இன்னும் அரை அடி இறங்கிப் போயிருந்தது! இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள் பாதாளத்தில்தான் தேட வேண்டும். நேரே போய்க் கலிங்கை உரசிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஓவர்சியரின் எருமை தினமும் அதன்மேல் படுத்து அசைபோடுவதைக் கண்டு, எத்தனை எருமை ஏறினால் ஒன்றரை அடி அமுங்கும் என்று கணக்குப் போட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. ஓவர்சியரிடம் இருந்தது ஒன்று.

எருமையை விட்டால் மிச்சம் எசமானர். கலிங்கு தாழ்ந்தால் கண்மாயில் தண்ணீர் குறையும். கண்மாய்க்குள்ளேயே பயிர் வைத்திருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். அவர்களுக்காக ரெங்கராஜ் இரவோடு இரவாகக் கலிங்கைப் பெயர்த்து, ஒன்றரை அடி வெட்டி, பழையபடி பாசி ஒட்டி வைத்துவிட்டார்! எனக்கு இருபது வயது. அந்த வயதில் இது நடக்கக் கூடியதாகத்தான் பட்டது. அவரிடமே கேட்டேன்.

"சார், கலிங்கு ஒன்றரை அடி தாழ்ந்திருக்கு."

அவர் மீசையைத் தடவின கை பாதியில் நின்றது.

"முப்பது வருசமா அசையாத கலிங்கு நீங்க வந்ததும் அசையுதாக்கும்? என் வேலையில ஓட்டை கண்டுபிடிக்க வந்த ஆளுன்னு நான் நெனச்சது சரியாப் போச்சு. மூணு அளவும் ஒத்துவராத அறிக்கையில என் கையெழுத்து விழுகாது. போங்க!"

ஒரு வாரம் மிச்சம். கண்ணை மூடினால் ரங்கூன் கப்பல் ஊதியது. பேசாமல் மூன்று இடத்திலும் தொண்ணூற்றேழரை என்றே எழுதிவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் அந்த ஒன்றரை அடி எங்கே போயிற்று என்று தெரியாமல் எனக்குக் கூழ் இறங்கவில்லை, வெங்காயம் இருந்தும்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு கட்டி, வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் கலிங்குக்குப் பக்கத்துக் காரைப்புதருக்குள் ஊர்ந்தேன். முள் குத்தாத இடம் உடம்பில் நகம் ஒன்றுதான். உள்ளே ஏற்கெனவே ஒரு மீசை இருந்தது.

"திருடன நானே பிடிச்சேன்!" என்று என் சட்டையைப் பிடித்தார் ரெங்கராஜ்.

"நான்தான் உங்களப் பிடிச்சேன்!" என்று அவர் துண்டைப் பிடித்தேன்.

"கடப்பாரைய எங்க ஒளிச்சிருக்கீங்க?"

"அத நான்ல கேக்கணும்!"

இப்படி ஒருவரையொருவர் கைது செய்துகொண்டு நின்றபோது, மடைப் பக்கமிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. இருவரும் பிடியை விடாமலே ஓடினோம். விட்டால் மற்றவர் தப்பிவிடுவாரே!

நாணல் புதரைத் தாண்டியதும் நின்றுபோனேன். என் கல், அரளிமாலை போட்டுக்கொண்டு, இரண்டு படி வைத்த பீடத்தின் மேல் கம்பீரமாக நின்றது. என் அம்புக்குறிக்குச் சந்தனம் சாத்தியிருந்தது. எதிரே பொங்கல் பானை. ராக்காயி குலவையைப் பாதியில் விழுங்கினாள்.

"என்ன பிச்சை இது?" என்றார் ஓவர்சியர்.

"மடைக்கருப்பர், எசமான். சின்னய்யா சூலம் போட்ட அன்னைக்கே மழையக் கொண்டாந்தாரு. சாமிய மண்ணோட மண்ணா, கால் படுற எடத்துல விட்டு வைக்கலாமா? மொதல்ல ஒத்தப் படி கட்டி ஏத்துனோம். வைகாசிப் பொங்கலுக்கு இன்னொரு படி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று நான் கத்தினேன்.

"நீங்க கேக்கலையே சின்னய்யா. கல்லு மேல வச்சியான்னுதான் கேட்டீங்க. வச்சேன். மாலையக் கழட்டிக் கன்னத்துல போட்டுக்கிட்டுத்தான் வச்சேன்."

ராக்காயி சேர்த்துக்கொண்டாள்: "சொன்னா ஆபீசுக்காரங்க சாமியப் பேத்துக்கிட்டுப் போயிருவீகன்னு ஊரே வாயக் கட்டிக்கிட்டு இருந்துச்சுங்க."

நான் மண்டியிட்டுப் பீடத்தை அளந்தேன். கீழ்ப்படி ஓர் அடி. மேல்படி அரை அடி. கலிங்கு ஒரு மயிரிழைகூட அமுங்கவில்லை, கல்தான் உயர்ந்திருந்தது. மூன்று அளவும் ஒத்துப்போயின. அந்தச் சந்தோஷத்தில் கருப்பரைக் கட்டிப் பிடித்தேன். பக்தி என்று நினைத்து மறுபடி குலவை போட்டார்கள்.

"கல்ல எறக்கிப் பழைய எடத்துல வச்சிரலாமா சார்?"

ஓவர்சியர் பொங்கல் பானையைப் பார்த்தார்; கையில் அரிவாள்மணையோடு நின்ற ராக்காயியைப் பார்த்தார்.

"சாமிய எறக்க முடியாது தம்பி. நம்பர ஏத்துங்க."

ஏற்றினேன். இன்ன காரணத்தால் ஆதாரக் கல்லின் உயரம் இனி நூற்றொன்றரை அடி என்று, படி, மாலை, மழை ஒன்று விடாமல் எழுதினேன். நான் அந்தக் கல்லை ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காததையும் எழுதினேன். பிச்சையிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன்: கருப்பருக்கு மேலே எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டலாம், அடியில் ஒரு செங்கல் கூடாது.

ரெங்கராஜ் அறிக்கையை நாலு முறை படித்தார். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"இதுல சூது ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

"நீங்க மேலிடத்து ஆளாத்தான் இருக்கணும். இருந்தாலும் போடுறேன்." போட்டார். கையெழுத்து காய்கிற வரைக்கும் தாளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆவணிக் கப்பல் நான் இல்லாமல் ரங்கூனுக்குப் போயிற்று. கடைசி வருஷத்தில் எந்தப் பிரிவு வேண்டும் என்று காலேஜில் கேட்டபோது, மின்சாரம் என்று சொல்ல வாயைத் திறந்தவன் பாசனம் என்றேன். மின்கம்பியைத் தொட்டால் ஒரே அடியில் உண்மை தெரிந்துவிடும். தண்ணீரில் அப்படி இல்லை. நடந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். முப்பத்திரண்டு வருஷம், குறைத்துச் சொன்னாலும் இருநூறு கண்மாய், நடந்தே பார்த்தேன்.