அறுபத்து மூன்றில் ஒன்பது

தபால் பை கட்ட இரண்டு மணி நேரமும் நாற்பது நிமிடமும் இருந்தன. அதற்குள் கணினிப் பயிற்சிக்கு விண்ணப்பித்த அறுபத்து மூன்று பெண்களுக்கும் நேர்முகக் கடிதம் போக வேண்டும். தவறினால் திங்கட்கிழமை நேர்முகத்துக்கு முன் கிடைக்காது. யோகேஸ்வரன் சேர் எழுதிய பைதன் நிரல் ஒன்பது முகவரிகளை அச்சிட்டுவிட்டு நின்றது.

அவர் எங்கள் அட்டன் பயிற்சி நிலையத்தின் பொறுப்பாளர். யாழ்ப்பாணத்தவர். ஒரு மாதமாகத்தான் பைதன் படிக்கிறார்.

“லூப் இடையில நிண்டு போகுது, பூரணி. ஒருக்காப் பாரும்.”

உட்கார்ந்தேன். வரிகளின் இடைவெளிகளை இரண்டு தரம் எண்ணினேன். முகவரிகளை ஒவ்வொன்றாக அச்சிடும் அந்த லூப் சரியாகவே இருந்தது. லூப் தொடங்கும் முன்பே, விவரங்களைச் சேர்த்துவைத்த டிக்‌ஷனரியில் எத்தனை இருக்கிறது என்று அச்சிட்டுப் பார்த்தேன். ஒன்பது.

“மிச்சம் அம்பத்தி நாலும் எங்க? தேயிலைக் கொழுந்து பறிக்கப் போட்டுதோ?” என்று அவரே சிரித்தார்.

ஒவ்வொரு முகவரிக்கும் நேரே ஒரு பெயரை வைத்திருந்தார். பெயர் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கலாம், முகவரி இருக்காது என்று நினைத்திருக்கிறார். அதே முகவரி மறுபடி வந்தபோது பழைய பெயர் அழிந்து புதிய பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனேன். அது சாத்தியேதான் இருந்தது.

அவர் விண்ணப்பங்களைப் புரட்டினார்.

“பொகவந்தலாவைத் தோட்டம், மேல்பிரிவு. பதினொரு பேருக்கு ஒரே விலாசம். ஒரு வீட்டில பதினொரு பெட்டையளோ? கள்ள விண்ணப்பம். ஒண்டை வைச்சிட்டு மிச்சத்தை வெட்டுவம்.”

சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

ஆளுக்கு ஓர் எண் கொடுத்தால் நிரல் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். பேனாவை நிறுத்த அது போதாது. நிறுத்தக்கூடிய காரணம் எனக்குத் தெரியும். ஆனால் என் வேலை விண்ணப்பத்தில் அட்டன் பஜாரில் சித்தப்பா வேலை செய்யும் கடையின் முகவரி இருந்தது. எட்டு மாதமாக இங்கே நான் டவுன்காரி. பேச்சைக் குறைத்துக்கொண்டதும் என் தமிழ் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்றுதான்.

லெட்சுமி என்ற பெயரில் கோடு விழுந்தது. அடுத்த தாளை எடுத்தார்.

“சேர், வெட்டாதீங்க.”

“ஏன்?”

“லயத்துல வரிசையா குடும்பத்துக்கு ஒரு காம்பராதான், அதுக்குத் தனி விலாசம் கெடையாதுங்க. எல்லாருக்கும் தோட்டத்து விலாசம்தான். கடிதாசி ஆபீசுக்கு வரும், பேரைப் பார்த்துக் குடுப்பாங்க.”

“உமக்கு ஆர் சொன்னது?”

பேனா தாளின் மேலேயே இருந்தது.

“யாரும் சொல்லலீங்க. நான் அந்த மேல்பிரிவுதான். தெனமும் அந்த லயத்துலருந்துதான் வேலைக்கு வர்றேன்.”