பூவாயிக்குக் கண் திறந்த படம்

பெற்ற தாய் பூவாயியின் முகம் தமிழ்ச்செல்வியிடம் ஒரே ஒரு படத்தில்தான் இருந்தது. அதுவும் செத்த பிறகு எடுத்தது. உயிரோடு இருந்தவரை பூவாயியைப் படம் பிடிக்க யாருக்கு மனசு வந்தது? மூச்சு நின்றதும் திருக்கழுக்குன்றத்துக்கு ஓடிப் போட்டோக்காரரை அழைத்து வந்தார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு எடுத்த படம்.

இப்போது பங்காளி மகன் ரமேஷ் ஓர் இணையதளத்தில் வம்சத்தையே ஏற்றிக்கொண்டிருந்தான். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் நாளில் அதைப் புத்தகமாக அச்சடித்து வீட்டுக்கொன்று கொடுப்பதாக ஏற்பாடு. படம் இல்லாதவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை. அப்பாவுக்கு ஒரு பக்கம் சித்தி விஜயகுமாரி பட்டுப்புடவையில் சிரித்தாள். மறுபக்கம் அம்மா, மொட்டைத் தலையாக. அதைப் பார்த்ததிலிருந்து தமிழ்ச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

படத்தை ஏற்றினாள். கண் மூடித் திறப்பதற்குள் தளம் அதைத் தூக்கிவிட்டது. மனதைப் பாதிக்கும் காட்சியாம். யார் மனதை? முறையிட்டாள். அதே வரி அதே வேகத்தில் திரும்பி வந்தது.

"மன்சன் யாருமே பாக்கறதில்லியா ரமேசு?"

"எல்லாம் மிஷினுதான் அத்தை. பொணம்னு தெரிஞ்சா தூக்கிடும். அதையே திரும்பப் போடாத, உன்ன உள்ளயே வுடாது."

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெரோம் சாவு பேனருக்குப் பேர் போனவன். படத்தைப் பார்த்ததும் சொன்னான்: "மாலையும் கட்டும் அழிச்சிட்டு, கண்ணத் தொறந்து வுட்டா உசுரு வந்துரும்க்கா. யாரு கண்ண வெக்கறது? இவங்களுக்கு வேற போட்டோ கீதா?"

இல்லை.

"அப்ப உங்க கண்ணையே வெச்சிடறேன். அதே ஜாடதான கீறீங்க."

இந்த முறை தளம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது. பூவாயி என்ற பெயருக்கு மேலே அம்மா கண் திறந்து பார்த்தாள். தமிழ்ச்செல்வி ஸ்டுடியோ வாசலிலேயே நின்று அழுதாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுததே இல்லை.

பொங்கல் வைத்த அன்று கோயில் வாசலில் புத்தகம் வந்தது. அவசரமாகப் புரட்டினாள். அப்பா, சித்தி, மறுபக்கம் மொட்டைத் தலை. அதற்குக் கீழே, தமிழ்ச்செல்வி என்ற பெயருக்கு மேலே, அம்மா.

ரமேஷ் தலையைச் சொறிந்தான். "கல்யாணத்துல எடுத்த உன் போட்டோவும் அதுல கீது இல்ல? கண்ணப் பாத்து ரெண்டும் ஒரே ஆளுன்னு மிஷினு முடிவு பண்ணி, அதுவே எடுத்து உன் பேர்ல வெச்சிகீது. அச்சுக்குக் குடுக்கறப்ப நான் பாக்கல அத்தை."

"மாத்த முடியுமா?"

"எல்லா வூட்டுக்கும் குடுத்தாச்சே."

சித்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தாள். "இன்னாடி தமிழு, சின்ன வயசுல எவ்ளோ களையா இருந்துகீற!"

"அது நான் இல்ல சித்தி. எங்கம்மா."

"போடி. உன் பேருதான போட்டுகீது. உங்கம்மாளுக்கு ஏது இந்த மாதிரி போட்டோ?"

சுற்றி நின்ற சொந்தமெல்லாம் புத்தகத்தைப் பார்த்தார்கள். பிறகு தமிழ்ச்செல்வியின் கண்களைப் பார்த்தார்கள். சித்தி சொல்வதுதான் சரி என்று தலையாட்டினார்கள்.