நல்ல கால்

"கை இடுப்புல," என்றாள் மாரென்.

ரேலின் கைகளை இடுப்பில் வைத்தாள். தரையில் பதித்த இரும்புத் தட்டின் மேல் வலது காலில் நின்று, முட்டியை மடக்கி, மேலே எழும்பிக் குதித்தாள். தட்டு அதிர்ந்தது. திரையில் உயரம் வந்தது: பதினான்கு சென்டிமீட்டர்.

வலது, அடிபடாத கால். இடது முட்டியில் ஜவ்வு கிழிந்ததால் கடந்த மே மாதம் அறுவை செய்திருந்தார்கள். அந்தக் காலில் பதின்மூன்று வந்திருந்தது. நல்ல கால் எழும்புவதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது அடிபட்ட கால் எழும்ப வேண்டும். எழும்பினால் ஆடலாம்.

"பாஸ்தானே? கையெழுத்தைப் போடு," என்றாள் ரேலின்.

"இரு. வலது இன்னொரு தடவை."

"எத்தனை தடவைடி? ஆராய்ச்சிக்கு எலி கிடைக்கலையா?"

மறுபடியும் பதினான்கு.

சனிக்கிழமை வாலிபால் அரையிறுதி. பல்கலைக்கழக அணியில் ரேலினுக்கு இது ஐந்தாம் வருடம், கடைசி வருடம். அதற்குப் பிறகு எந்த அணியும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். முதுகலை மாணவிதான் என்றாலும், மாரென் கையெழுத்திட்ட அறிக்கை போனால் டீம் டாக்டர் அனுமதி கொடுத்துவிடுவார். கோச் பிரென்ட் வெளியே நடைபாதையில் நின்றிருந்தார். கதவின் கண்ணாடியில் அவருடைய தடித்த பார்க்கா கோட்டு அவ்வப்போது தெரிந்து மறைந்தது.

மாரென் திரையைப் பார்த்தாள். வலது காலின் கோடு அதிகம் இறங்கவில்லை. முட்டியை முழுதாக மடக்காமல் எழும்பியிருக்கிறாள். இந்தத் தந்திரத்தை அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். அடிபட்ட காலை ஏமாற்ற முடியாது. நல்ல காலை அடக்கி வைக்கலாம். நல்ல கால் தாழ்ந்தால் மற்றது தேறிவிடும்.

"வலது கால் இவ்வளவுதானா?"

"ஒன்பது மாசம் ஆடலை. ரெண்டும்தான் இளைச்சிருக்கு. உன் புத்தகத்துல அப்படிப் போடலையா?"

போட்டிருந்தது. காயத்துக்கு முன்னால் அளந்த கணக்கும் இல்லை.

மூலையில் ஒரு வாலிபால் கிடந்தது. மாரென் அதை எடுத்தாள்.

"வலது கால்லயே நில்லு. இதைப் பிடி. கையை எடுத்துக்கலாம்."

"இது டெஸ்ட்ல இருக்கா?"

"இல்ல. சும்மா."

மெதுவாக ஒன்று போட்டாள். ரேலின் நின்றபடியே பிடித்துத் திருப்பி வீசினாள். இன்னொன்று. மூன்றாவதை மாரென் சொல்லாமல் உயரத்தில் போட்டாள். ரேலின் எழும்பிவிட்டாள். பந்தை மேலேயே அறைந்தாள். அது சுவரில் மோதித் திரும்பி வந்தது.

இருபத்தொன்று.

ரேலின் திரையைப் பார்த்தாள். பிறகு மாரெனை.

"கையை வீசினேன். அதான் கூட வந்துச்சு."

"கை வீசினா ரெண்டு வரும், மூணு வரும். ஏழு வராது."

"விடுதியில என் பக்கத்து ரூம்ல இருந்தவ நீ. என் கையால பான்னக் ரொட்டி சாப்பிட்டிருக்க."

"ஆமா."

"என் முட்டி. கிழிஞ்சா எனக்குத்தான் கிழியும். உனக்கு என்ன வலிக்குது?"

மாரென் திரும்பி வந்த பந்தைக் குனிந்து எடுத்தாள்.

"சரி. இடது காலுக்கும் அதே மாதிரி போடு. காட்டுறேன்."

ரேலின் இடது காலை ஊன்றி நின்றாள். மாரென் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். போட்டால் இவள் எழும்புவாள். எழும்பினால் அந்த முட்டியின் மேலேயே இறங்க வேண்டும்.

"போடு."

"வலது காலைத் தூக்கு."

"தூக்கிட்டேன்."

தூக்கவில்லை. வலது காலின் நுனி தட்டுக்கு வெளியே தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரேலின் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுடி!"

மாரென் பந்தை இறக்கினாள்.

கதவு திறந்தது. "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? கார் ஓடிட்டே இருக்கு, அணைச்சா இந்தக் குளிர்ல மறுபடி ஸ்டார்ட் ஆகாது," என்றார் கோச். "பாஸா?"

"இல்ல," என்றாள் மாரென்.

"பொய்! பதினாலுக்குப் பதின்மூணு எடுத்திருக்கேன். ஸ்க்ரீனைப் பாருங்க கோச்!"

கோச் திரையருகே போய்க் குனிந்தார்.

"இருபத்தொண்ணுன்னு இருக்கே. அடேயப்பா! இது எந்தக் கால்?"

மாரென் ரேலினைப் பார்த்தாள். ரேலின் கீழே பார்த்தாள். கால் நுனி இன்னும் தரையில்தான் இருந்தது. அதைத் தூக்கப் பார்த்தாள். இடது முட்டி நடுங்கியது. மறுபடி ஊன்றிக்கொண்டாள்.

"வலது," என்றாள்.