நோட்டீஸில் முதல் பெயர்

எங்கள் வேடியப்பன் கோயில் பண்டிகை நோட்டீஸில் முதல் பெயர் எப்போதும் எங்கள் வீட்டுப் பெயர்தான். என் அப்பா காலத்திலும் அப்படித்தான், தாத்தா காலத்திலும் அப்படித்தான். இந்த ஆண்டு என் சித்தப்பா மகன் பச்சியப்பன், கோயிலுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியவன் தான் என்பதால் தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று நாலு பேர் நடுவில் சொன்னான். சுவர் எழுப்பியவன் கொத்தன் என்று நானும் அதே நாலு பேர் நடுவில் சொன்னேன்.

ஊர் கூடியது. எங்கள் இருவரில் ஒருவரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிவில்லை. பொம்மிடியில் அச்சகம் வைத்திருக்கும் தாவூதிடம் எவருடைய நோட்டீஸ் முதலில் போய்ச் சேருகிறதோ அதை அப்படியே அச்சிடட்டும் என்று சொல்லிவிட்டுக் கலைந்தது.

கையால் எழுதியதைத் தாவூது வாங்குவதில்லை. கம்ப்யூட்டரில் அடித்து மெயிலில் அனுப்ப வேண்டும். ஓசூரில் வேலை செய்யும் என் மகன் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தான். நானே தட்டிப் பழகி, சொல்லுக்குச் சொல் செதுக்கி, நோட்டீஸை முடித்தேன். அனுப்ப வேண்டிய அன்று காலை அம்புக்குறி நகரவில்லை. மெயில் திறக்கவில்லை. உள்ளே இருந்த காற்றாடி மட்டும் தொப்பூர் ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரி போல முக்கிக்கொண்டிருந்தது.

தருமபுரியிலிருந்து ஆள் கூப்பிடலாம். ஆனால் வருகிறவன் நோட்டீஸைப் படிப்பான். படித்தவன் வாய் சும்மா இருக்காது. வீட்டு விஷயம் வீட்டோடு இருக்க வேண்டும். வீட்டிலேயே பானுமதி இருந்தாள். என் மருமகள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் கோளாறுகளைத் தீர்த்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. ஆனால் எங்கள் குடும்பத்தில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் அவள் மறு வாசல் வழியாகப் போய்விடுவாள். இருவருக்கும் நடுவே பேச்சைக் கொண்டுபோவது என் மனைவி அமுதவல்லி.

"அமுதவல்லி, கம்ப்யூட்டர் நகர மாட்டேங்குது. என்னான்னு கேளு."

"பானு, மாமா கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சாம்" என்றாள் சமையலறைப் பக்கம் திரும்பி.

"எழுதி முடிச்சதும் மாமா எப்பிடி மூடுவாருன்னு கேளுங்க அத்தை."

என் காதில் விழுந்தது. இருந்தாலும் அமுதவல்லி சொல்லும்வரை காத்திருந்தேன். அதுதான் முறை.

"எப்பிடி மூடுவீங்கன்னு கேக்குறா."

"மேல் மூலையில இருக்குற பெருக்கல் குறிய அமுக்கித்தான். வேற எப்பிடி மூடுவாங்க?"

"பெருக்கல் குறியாம்."

"அதுல கண்ணு முன்னாடி இருக்குறதுதான் மறையும் அத்தை. ப்ரோக்ராம் பின்னாடி ஓடிக்கிட்டே கெடக்கும். தொறக்கத் தொறக்க அதோட இன்னும் நாலு சேந்துக்கும். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட்டு மூணையும் ஒண்ணா அமுக்கச் சொல்லுங்க."

அமுதவல்லி சொன்னாள்.

"டெலீட்டா? நோட்டீஸ் போயிடாதா?"

"போவாது."

"அவளைக் கேக்காமலே சொல்றியே?"

"தலைய ஆட்டுனா. நான் பாத்தேன், நீங்க பாக்கல."

அமுக்கினேன். அந்த எழுதும் ப்ரோக்ராமின் பெயர் திரையில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக நின்றது. நான் எப்போதோ மூடிவிட்டதாக நினைத்தவை எல்லாம் உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து முடித்தேன், இன்னொன்று முளைத்தது. அதையும் முடித்தேன். போனதே திரும்பி வந்ததா, புதிதாக ஒன்று வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

"நீங்க எந்திரிங்க. அவ வந்து பாக்கட்டும்" என்றாள் அமுதவல்லி.

எழுந்தேன். வாசலுக்குப் போய் மாட்டுக் கொட்டகையைப் பார்த்தபடி, வீட்டுக்கு முதுகு காட்டி நின்றேன். பானுமதி உள்ளே உட்கார்ந்தாள். அமுதவல்லி நிலைப்படியில் நின்றாள். அடுப்பில் பால் இருந்தது.

பானுமதி மெல்லிய குரலில் ஏதோ கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, எல்லாத்தயும் முடிச்சி வுடு" என்று அமுதவல்லி சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"எது ஒண்ணுமில்ல?" என்று நான் திரும்புவதற்குள் காற்றாடியின் முக்கல் நின்றுவிட்டது.

"சேவ் பண்ணாதது எதாவது இருக்கான்னு கேட்டா. நீங்கதான் எதையும் மீதி வெக்காத ஆளாச்சே."

நான் ஒருநாளும் சேவ் செய்ததில்லை. எத்தனை முறை மூடித் திறந்தாலும் எழுத்து வைத்த இடத்திலேயே இருந்தது. அப்புறம் எதற்குத் தனியாகச் சேவ்? ப்ரோக்ராம் போகாமல் பின்னால் கிடந்ததால்தான் எழுத்தும் இருந்தது என்பது இப்போதுதான் விளங்கியது. அது போனது. நோட்டீஸும் போனது.

"கேட்டதைக் கேட்டபடி சொல்றதுக்கு என்னா கேடு உனக்கு?"

"கல்யாணம் ஆனதுலருந்து இந்த வூட்ல எல்லாருக்கும் நடுவுல நான்தான் பேசிக்கிட்டிருக்கேன். ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டுச் சொன்னா பால் பொங்கிடும்."

உள்ளே பானுமதி பழைய பிரதி ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. "மாமாவ சொல்லச் சொல்லுங்க அத்தை, நானே அடிச்சித் தரேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. கொட்டகையைப் பார்த்தபடியே நான் முதல் வரியைச் சொன்னேன். அமுதவல்லி அதைப் பாதியாக்கி உள்ளே அனுப்பினாள். இரண்டாம் வரி தொடங்கும்போது தாவூதின் போன் வந்தது.

"ஐயா, பச்சியப்பன் அண்ணன் நோட்டீஸ் வந்துடுச்சிங்க."

"யார் பேரு முதல்ல?" என்றேன்.

"உங்க பேருதானுங்க."

"என் பேரா? ஏனாம்?"

தாவூது தயங்கினான். "அது வந்துங்க… 'பாவம், அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்குறாராம், வயசானவரு, அவரு பேரே முன்னாடி இருந்துட்டுப் போவட்டும்'னு சொன்னாருங்க."

வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த விஷயம் பச்சியப்பன் வரை போயிருந்தது. அதைக்கூடப் பொறுக்கலாம். பாவமாம்! எங்கள் வீட்டுக்கு உரிமையாக வரவேண்டியதை அவன் கையிலிருந்து இரக்கமாக வாங்குவதா?

"தாவூது, மாத்திப் போடு. அவன் பேரு முதல்ல, என் பேரு ரெண்டாவது."

"ஐயா, இதுக்குத்தானே ரெண்டு பேரும் இத்தன நாளா…"

"சொன்னதைச் செய். அண்ணன் குடுத்தாருன்னு அவன்கிட்ட சொல்லு."

போனை வைத்தேன். அமுதவல்லி நிலைப்படியிலிருந்து என்னையே பார்த்தாள்.

"இதுக்கா காலையிலருந்து அந்தப் பொண்ண அழ வெச்சீங்க?"

மானம் என்பதை எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

சாயங்காலம் பச்சியப்பன் வண்டியை வாசலில் நிறுத்தினான். கையில் நோட்டீஸ் கட்டு. முகம் கறுத்திருந்தது.

"ஏண்ணா என்னை இப்பிடி அசிங்கப்படுத்துறீங்க? நீங்க தூக்கிப் போட்டத நான் பொறுக்கிக்கிட்டேன்னு ஊரு பேசாதா?"

"பேசட்டும்டா. உக்காரு, காபி குடி."

அவன் உட்காரவில்லை. முதல் பெயருக்கு உரியவர்தான் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். மறுநாள் பச்சியப்பன் கிழக்குத் தெருவில் தொடங்கினான். ஒவ்வொரு வாசலிலும் நோட்டீஸைப் படித்தவர்கள், "என்னாப்பா, உன் பேரு முன்னாடி இருக்குது?" என்று கேட்டார்களாம். ஒவ்வொரு வாசலிலும் அவன், "அண்ணன் குடுத்தாரு" என்று சொன்னானாம்.