மூக்கின் மூன்றாவது சீவல்

மருமகளுக்குப் பூசி மெழுகத் தெரியாது. எதிலும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அத்தை ஆசையாகப் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு கை நீளம் அத்தை" என்று சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு அளந்துதான்.

அப்படிப்பட்டவளிடம் போயா அந்த அத்தையின் மூக்கு மாட்ட வேண்டும்!

மூக்கோரத்தில் சின்னதாக ஒரு தோல் புற்று. மரத்துப்போக ஊசி போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே சர்ஜன் மெல்லிய சீவலாக எடுப்பார். அந்த ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் மருமகள் அடுத்த அறையில் அதை லேசர் மைக்ரோஸ்கோப்பில் வைத்து, விளிம்பில் புற்று மிச்சமிருக்கிறதா என்று ஸ்பீக்கரில் சொல்ல வேண்டும். சாயம் ஏற்றிக் காத்திருக்கும் வேலை இல்லை. லேசர் பட்டதும் நார் ஒரு நிறத்தில், கொழுப்பு ஒரு நிறத்தில், செல்கள் வேறொன்றில் என்று திரையில் வந்து நிற்கும். இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த இன்னொருவர் நீண்ட விடுப்பில் இருந்தார். சொந்தக்காரி பார்க்கலாமா என்று சர்ஜன் இழுத்தபோது, "வேற ஆள் வர்ற வரைக்கும் அது வளராம இருக்குமா?" என்று அத்தையே கேட்டுவிட்டாள்.

மூக்கின்மேல் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. எந்தப் புகைப்படத்திலும் பக்கவாட்டில் திரும்பித்தான் நிற்பாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மூக்கு எந்தக் கணக்கில் வருமோ!

முதல் சீவலில் புற்று மிச்சமிருந்தது. இரண்டாவதில் விளிம்பை ஒட்டி ஒரு செல் கொத்து. முடிவேராகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆழத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை.

"என்னம்மா, மூடிடலாமா? இன்னும் எடுத்தா வடிவமே போயிடும்," என்றார் சர்ஜன்.

முடிவேர் என்று சொல்லிவிட்டால் தொல்லை விட்டது. மருமகளுக்குப் பயமாக இருந்தது.

"சந்தேகமா இருக்கு சார். எதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியல."

ஸ்பீக்கரில் அத்தையின் குரல்: "அவளுக்கே சந்தேகம்னா எடுத்துடுங்க டாக்டர்."

மூன்றாவது சீவல் சுத்தமாக இருந்தது.

அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து அம்மாவைக் காப்பாற்றினாள் என்று நாத்தனார் போனில் ஊரையே கூட்டினாள். கட்டுப் பிரித்த அன்று, அதே சீவல்களைப் பிறகு நிதானமாகச் சாயம் ஏற்றிப் பார்த்த பரிசோதனையின் முடிவும் வந்தது. இரண்டாவது சீவலில் இருந்தது வெறும் முடிவேர். மூன்றாவது சீவலை எடுத்திருக்கவே வேண்டாம்.

"விட்டுத் தொலையேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் கணவன்.

அவள் நேரே அத்தையின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

"சந்தேகம்னுதானே சொன்ன?"

"ஆமா அத்தை."

"எடுக்கச் சொன்னது நான்." அத்தை குரலைத் தணித்தாள். "எல்லாரும் முன்ன மாதிரியே இருக்குங்கறாங்க. கண்ணாடி பாக்கவே பயமா இருக்கு. நீ பாத்துச் சொல்லு."

மருமகள் அந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கு அத்தை. நல்லாவே தெரியுது."

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. இப்ப கண்ணாடிய எடுத்துட்டு வா."