சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட கொக்கி

1

இந்தக் கதை ஒரு டென்னிஸ் பந்தால் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பெரிய தத்துவம் எதையும் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். ஜெர்மனியில் எங்கள் செல்லே ஊரில், காரின் பின்னால் வண்டி இழுக்க நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கொக்கியின் குமிழ் மேல் பழைய டென்னிஸ் பந்தைக் கீறிச் செருகி வைப்பார்கள். கால்சட்டையில் கிரீஸ் ஒட்டாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விடியலின் இளங்குளிரில் ஃபோல்க்மார் தன் காரின் அடியில், நினைவுகளின்—"

வேண்டாம். பரிசுக்கு அனுப்புகிற வாடை அடிக்கிறது.

மறுபடியும். பக்கத்து வீட்டு ஃபோல்க்மார் ஓய்வு பெற்றவர். 1964ஆம் வருடத்து ஓப்பல் கார் வைத்திருக்கிறார். அதன் நம்பர் பலகையின் கடைசியில் 'ஹெச்' என்று ஓர் எழுத்து. பழமை கெடாத வண்டி என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டதன் அடையாளம். அந்த எழுத்துக்குத் தருகிற மரியாதையை மனைவி கெர்லிண்டேவுக்கும் தந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

கெர்லிண்டே கேட்டது ஒன்றுதான். முட்டை வடிவக் கேரவனை இழுத்துக்கொண்டு ஃபேமார்ன் தீவுக்குப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும். (கேரவன் என்றதும் ஒப்பனை போடும் நடிகர் நினைவுக்கு வந்தால் அவரை இறக்கி விட்டுவிடுங்கள். இதில் இரண்டு பேர் படுத்தால் நடிகர் வெளியேதான் நிற்க வேண்டும்.) அதற்குக் காரில் ஒரு [சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட] கொக்கி வேண்டும். இந்தக் காலத்துக் கொக்கியை மாட்டினால் ஹெச் பறிபோகும் என்று பயந்து, பழைய கொக்கி தேடியதில் ஒரு கோடை போயிற்று. கிடைத்த [அங்கீகரிக்க முடியாத] கொக்கியில் பொறித்த அங்கீகார எண்ணைத் துரு தின்றிருந்ததால் அடுத்த கோடையும் போயிற்று.

(சதுர அடைப்புக்குறிகள் என்னுடையவை அல்ல. பிறகு சொல்கிறேன்.)

2

இந்த ஜூனில் ஒருவழியாக எண் தெளிவாகத் தெரிகிற, அந்தக் காலத்துக் [சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட] கொக்கி கிடைத்தது. வாகனப் பரிசோதகர் ஹார்ட்விக் குனிந்து பார்த்தார், பிடித்து ஆட்டினார், முத்திரை குத்தினார்.

"அப்பாடா! சனிக்கிழமை கிளம்பிடலாம்," என்றாள் கெர்லிண்டே. தீவில் இடமும் பதிவு செய்தாகிவிட்டது.

"பொறு," என்றார் ஃபோல்க்மார். "பந்து மஞ்சளா இருக்கு."

"இருந்தா என்ன?"

"அறுபத்தி நாலுல டென்னிஸ் பந்து வெள்ளை. மஞ்சள் பின்னாடி வந்தது."

பரிசோதகரே ஆடிப்போனார். "ஐயா, பந்துக்கு எங்ககிட்ட விதியே கிடையாது."

"விதியே இல்லாத சாமானை எந்தத் தைரியத்துல மாட்டுறது?"

"கேரவனை மாட்டினா பந்தே வேணாமே, மனுஷா!" என்று கத்தினாள் கெர்லிண்டே.

"அங்க போய்க் கேரவனைக் கழட்டுவோம்ல? நாலு பேர் பார்ப்பாங்கல்ல? வெள்ளைப் பந்து கிடைக்கட்டும், போலாம்."

3

இப்படி ஒரு ஆளை நீங்கள் நம்புவீர்களா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்சம் அடக்கி எழுதலாமா என்று யோசித்து, எழுதியவரைக்கும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவர்கள் மொழியில் சொல்லிக் காட்டினேன். ஃபோல்க்மார் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"ஒரு தப்பு இருக்கு," என்றார். "வெறும் கொக்கின்னு போட்டிருக்கீங்க. சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட கொக்கின்னு போடுங்க. கதைன்னாலும் பொய் எழுதக் கூடாது."

அடைப்புக்குறிகள் வந்த கதை இதுதான். மனிதருக்குப் பொய் என்றால் ஆகாது. பிறந்தநாளுக்குப் புது உடுப்பு போட்டு "எப்படி இருக்கேன்?" என்று கேட்ட மனைவியிடம், "போன வருஷத்ததே தேவலை" என்று சொன்ன வாய் அது.

கெர்லிண்டே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கதைல கொக்கி வந்துச்சு, பந்து வந்துச்சு, துரு கூட வந்துச்சு. நான் எங்க?" என் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷமா கடலைப் பார்க்கலைங்க."

எனக்குச் சுருக்கென்றது.

4

முடிவையாவது அவளிடம் கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன்.

முதல் முடிவு: ஃபோல்க்மார் மனம் மாறி, மஞ்சள் பந்தை வீசி எறிந்துவிட்டு—

"இவரா? சும்மா கதை விடாதீங்க, எழுத்தாளரம்மா."

இரண்டாவது முடிவு: கெர்லிண்டே அவரை விட்டுப் பிரிந்து—

"எதுக்குப் பிரியணும்? எனக்கு இந்த ஆளும் வேணும், கடலும் வேணும். ரெண்டையும் சேர்த்து எழுத வராதா உங்களுக்கு?"

வரவில்லை. எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன்.

5

இந்தக் கதைக்குள் நான் வருவதாகவே இல்லை. ஆனால் சனிக்கிழமை காலை என் வீட்டு மணி அடித்தது.

"உங்க கார்ல கொக்கி இருக்குல்ல? ஒரு வாரம் தாங்க," என்றாள் கெர்லிண்டே.

என் கார் பழங்கால வண்டி அல்ல, வெறும் பழைய வண்டி. சாவியைக் கொடுத்தேன். (பாத்திரங்களுக்கு ஆசிரியர் வண்டி கொடுக்கலாமா என்பதை விமர்சகர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.) இருவருமாகக் கேரவனை மாட்டினோம். நான் பின்னால் நின்று விளக்குகளைப் பார்த்து, "இடது எரியுது, வலது எரியுது" என்று அவளுக்குக் குரல் கொடுத்தேன்.

ஃபோல்க்மார் தன் வாசலில் நின்றார், கையில் பெட்டியோடு. பெட்டி கட்டத் தெரிந்த மனிதருக்கு "நானும் வரேன்" என்று சொல்லத் தெரியவில்லை. அவளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போயிருந்தாள். வண்டி நகர்ந்தது.

"கெர்லிண்டே! நிறுத்து! இடது பக்க விளக்கு எரியல! சட்டப்படி தப்பு!"

பெட்டி காலில் இடிக்க இடிக்க ஓடினார். ஓப்பல் பின்னால் அப்படியே நின்றது, மஞ்சள் பந்தோடு.

தெருமுனையில் வண்டி நின்றது. பிரேக் விளக்குகள் சிவந்தன, இடதும் வலதும். எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும்.

இதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை. காரைக் கொடுத்துவிட்டேன், கதையும் அதோடு போய்விட்டது. கதவைத் திறந்துவிடுவாளா, காத்திருக்க வைப்பாளா, கிளம்பியே விடுவாளா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். 'இடது பக்க விளக்கு எரியல': அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் அங்கீகரிக்கப்படாத வாக்கியம் அது. அதற்கு அடைப்புக்குறி போட எனக்கு மனம் வரவில்லை.